துருப்பிடிக்காத வட்டம்

மார்ச் பதினான்கு, முற்பகல் பத்து மணி,
அம்புலன்ஸ் சேவைப் பரிசோதனை.
கடிதம் பதினொரு நாளுக்கு முன்பே வந்துவிட்டது,
மூன்று மொழியிலும்.
பதினொரு நாள் போதும்.
பதினொரு நாளில் நாங்கள்
ஒரு புது வாகனமே செய்துவிடுவோம்.

செபமாலை ஸ்ட்ரெச்சர் சில்லுக்குத்
தேங்காயெண்ணெய் விட்டான்.
கராஜ்காரன் ஸ்பெயார் டயர் இரவல் தந்தான்,
பதினைந்தாம் திகதி விடிய வேணும் என்று சொல்லி.
கதவின் உட்புறத்து வாந்திக் கறையை
நர்ஸ் மிஸ் தன் கையாலேயே துடைத்தார்.
ஒக்சிஜன் மட்டும் இல்லை.
அது ராணித்தோட்டத்து ஆஸ்பத்திரியில் இருந்தது,
யாரோ எப்போதோ கீழே போட்டதில்
தோளில் ஒரு நெளிவோடு.

எட்டு மணிக்கு அங்கே கையொப்பம்.
எட்டே முக்காலுக்கு அது
மரக்கறி லொறியில், லீக்ஸ் கட்டுகளுக்கு நடுவே
சாக்கைப் போர்த்திக்கொண்டு
குறுக்கு ரோட்டால் எங்களிடம் வந்தது.
அபேகோன் மாத்தயா பெரிய ரோட்டால் வந்தார்.
சிலிண்டர் முந்திக்கொண்டது.

கேஜைத் தட்டினார். முள் அசைந்தது.
ஒரு சரி போட்டார்.
தேத்தண்ணி குடித்தார், ரோல்ஸ் நல்லாயிருக்கு என்றார்.
பகல் சாப்பாடு அவருக்கு அடுத்த ஆஸ்பத்திரியில்.
சிலிண்டருக்கும் அங்கேதான்.

நான் டிரைவர். எனக்கு எழுதத் தெரிந்தது
ரன்னிங் சாட் மட்டும்.
மே இருபத்தாறு. புறப்பட்டது இரவு 2.10.
மேல்கணக்கு லயம், பரிபூரணம், வயது ஐம்பத்திரண்டு, மூச்சு.
பாலத்துக்கு அங்கால் வாகனம் போகாது.
கம்பளியில் தூக்கி வந்தார்கள்.
நனைந்த கம்பளி அவளைவிடப் பாரமாக இருந்தது.
ஹட்டனுக்குப் பத்தொன்பது கிலோமீட்டர்.
வளைவுகளை நான் எண்ணுவதில்லை.
அன்று எண்ணினேன்.
பின்னால் செபமாலை ஒன்றும் பேசவில்லை.
மகன்தான் ஒவ்வொரு வளைவுக்கும்
"அம்மா, இந்தா வந்துட்டோம்" என்றான்.
போய்ச் சேர்ந்தது 3.25.
சாட்டில் அவ்வளவுக்குத்தான் கட்டம் இருக்கிறது.
கிலோமீட்டர் கணக்கு சரியாக இருந்தது.

ஜூலையில் ஒரு புதன்கிழமை
கடிதமில்லாமல் வந்தார்.
ஜீப் இல்லை, பஸ்ஸில்.
நான் சாரத்தோடு வாகனத்துக்கு அடியில் கிடந்தேன்.
முதலில் தெரிந்தது சேறு அப்பிய சப்பாத்து.

பின்கதவைத் திறக்கச் சொன்னார்.
தளம் முழுக்கத் துரு.
மூலையில் மட்டும், பட்டி தொங்கும் இடத்தில்,
பெயின்ட் வெள்ளையாகவே ஒரு வட்டம்.
எங்கள் சொந்தச் சிலிண்டர் ஏழு வருஷம் நின்ற இடம்.
நிரப்பிவரப் போனது, திரும்பவில்லை.

"மார்ச்சில் இருந்ததே?"
"இருந்தது சேர்."
"இப்போ?"
என்னிடம் ஒரு பொய்யும் தயாராக இல்லை.
பொய்க்கும் பதினொரு நாள் வேண்டும்.

"நெளிவு உள்ளதுதானே" என்றார் அவரே.
தகரத்தில் மழை இறங்கியது.
அப்படியென்றால் அன்றைக்கு,
மூன்றாவது சரி போடும்போதே
அவருக்குத் தெரிந்திருக்கிறது.

ரன்னிங் சாட்டைக் கேட்டு வாங்கினார்.
மே மாதத்தில் விரல் நின்றது.
"இந்த ஆள்?"
நான் ரோட்டைப் பார்த்தேன்.
பேனையைத் திறந்தார், மூடினார், திறந்தார்.
பிறகு எழுதினார், நிறைய,
தேத்தண்ணி வேண்டாமென்று கையைக் காட்டிவிட்டு.

ஓகஸ்டில் பதில் வந்தது.
குறைபாடுகள் கவனத்தில் எடுக்கப்பட்டுள்ளன.
அடுத்த திடீர்ப் பரிசோதனை
பத்தொன்பதாம் திகதி, முற்பகல் பத்து மணி.
கீழே வேறு யாருடையதோ கையொப்பம்.

செபமாலை தேங்காயெண்ணெய்ப் போத்தலைத் தேடினான்.
நான் ராணித்தோட்டத்துக்குக் கோல் எடுத்தேன்.
"எங்களுக்கும் பத்தொன்பதுதான் அண்ணே,
பத்து மணிக்கு" என்றான் அங்கத்தைய டிரைவர்.
இரண்டு பேரும் கொஞ்ச நேரம்
போனை வைக்கவில்லை.
அங்கேயும் மழை பெய்வது கேட்டது.